மாடல் வண்டி டயரில் பெயின்ட் நிற்கவில்லையா? கோளாறு வாரியாகக் காரணமும் சரிசெய்யும் முறையும்

பாடியில் அழகாகப் பிடித்த அதே பெயின்ட் டயரில் மட்டும் உருண்டு விலகும், நாள்கணக்கில் பிசுபிசுக்கும், ரிம்மில் மாட்டும்போது தோலாக உரியும். கையில் குறை இல்லை, சரக்குதான் வேறு. துண்டுகளாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் கிட்டில் பாடியும் ரிம்மும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். லாக்கர், எனாமல் தின்னர்கள் அதன் மேற்பரப்பை இம்மியளவு இளக்குவதால் பெயின்ட் கவ்விக்கொள்கிறது. டயரோ, பெட்டியில் ‘ரப்பர்’ என்று போட்டிருந்தாலும், பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான். குழாய் விறைத்து நிற்க, டயர் வளைவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பதமான திரவம். அது பிவிசியோடு வேதியியலாகப் பிணைந்திருப்பதில்லை, ஊறிக் கிடக்கிறது அவ்வளவுதான். வெயில் ஏற ஏற மெல்லக் கசிந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்ட்டுக்குள்ளோ ரிம்முக்குள்ளோ போகும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மூலம் இந்தக் கசிவு.

மீதியில் பெரும்பங்கு நம் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையுடையது. மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி எங்கே உட்கார்ந்து பெயின்ட் அடித்தாலும் காற்றில் உப்பு, போர் தண்ணீரில் உப்பு, இராத்திரியில் ஈரம். வெளியூர்க்காரர்கள் சொல்லும் முறையை எழுத்துக்கு எழுத்து செய்தும் இங்கே தோற்றுப்போவது இதனால்தான்.

எதையும் தொடும் முன்: டயர் என்ன சரக்கு?

ஒரு டம்ளரில் ஆர்ஓ தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் லிக்விடில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். டயரை உள்ளே அமுக்கி, உள்வளையத்தில் சிக்கிய காற்றுக் குமிழிகளைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். விறுவிறுவென்று அடிக்குப் போனால் பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கணிசமாகக் கூடுதல். மிதந்தால் அது டிபிஇ எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமராகவோ பாலிஎத்திலீனாகவோ இருக்கும். இவை இரண்டும் வேறு வைத்தியம் கேட்பவை.

நிரப்புப்பொருள் கலந்த டிபிஇயும் மூழ்கக்கூடும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் செம்புக் கம்பிச் சோதனை. மின்வயரைச் சீவி எடுத்த வெறும் செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, கேஸ் டார்ச் சுடரில் நிறம் எதுவும் வராத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சுங்கள். சூட்டோடு டயரின் உள்பக்கத்தில் ஒரு தொடு தொட்டு, ஒட்டிய துணுக்கோடு மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. வெளியில் நின்று, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி செய்யுங்கள். வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு, மூக்குக்கு ஆகாது.

தனியாக வாங்கிப் போடும் சில டயர்கள் சிலிக்கோன். செலோடேப் ஒட்டிப் பாருங்கள், பிடிக்காமல் விழுந்துவிடும். மார்க்கர் பேனாவில் கோடு போட்டால் விரலால் துடைத்ததும் போய்விடும். சிலிக்கோன்மேல் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் நிற்காது. அதற்குப் பெயின்ட் தேடி அலைவதைவிட வேறு டயர் மாட்டுவதே மேல்.

இனி வரும் எல்லாம், தனியாகச் சொல்லாதவரை, பிவிசி டயருக்கு.

அடிக்கும்போதே பெயின்ட் உருண்டு, குழி குழியாக விலகுகிறது

மேற்பரப்பில் எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. அச்சிலிருந்து டயர் சுலபமாகக் கழன்றுவர அடிக்கும் மோல்டு ரிலீஸ் முதல் சந்தேகம். இரண்டாவது, நம் விரல். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு, முடியைக் கோதிய கையோடு டயரை எடுப்பது எவ்வளவு சகஜம் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, அதே அறையில் யாராவது டேஷ்போர்டு பாலிஷோ டயர் பாலிஷோ ஸ்பிரே செய்திருப்பது. காற்றில் மிதந்து படியும் சிலிக்கோன் மிகச் சிறு அளவிலேயே குழி போட்டுவிடும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் கலந்து, பழைய டூத்பிரஷால் டயர் ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் தேயுங்கள். டிரெட் (தரையில் படும் வரிப்பகுதி) பள்ளங்களில் பிரஷ் குறுக்காகவும் நெடுக்காகவும் போக வேண்டும். துணி சோப்புக் கட்டி வேண்டாம். இங்குள்ள கடினத் தண்ணீரில் சோப்பு, கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும், பெயின்ட் அந்தப் பிசுக்கின்மேல்தான் ஒட்டும். லிக்விட் டிடர்ஜென்ட்டில் இந்தத் தொல்லை குறைவு.

கழுவிக் காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு விடாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப்பக்கம், இல்லையென்றால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுவோம். ஊறவைக்கக் கூடாது. நெயில்பாலிஷ் ரிமூவரிலுள்ள அசிட்டோன், என்சி தின்னர், குழாய் ஒட்டும் பிவிசி சொலூஷன் மூன்றும் டயரை ஊதவைத்துப் பிளாஸ்டிசைசரை உறிஞ்சி வெளியே எடுக்கும். காய்ந்தபின் டயர் சுருங்கி விறைத்து, ரிம்மில் உட்காராது. மண்ணெண்ணெயில் துடைப்பவர்களும் உண்டு. அது தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும்.

அடித்த பெயின்ட் ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். குழி அப்படியே மேலேறி வரும். ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, முதலிலிருந்து கழுவுங்கள்.

வாரம் ஆகியும் பிசுபிசுக்கிறது, கைரேகை பதிகிறது

எனாமல் அடித்திருக்கிறீர்கள், கிட்டத்தட்ட நிச்சயம். எனாமல் காய்வது இரண்டு கட்டம். முதலில் டர்பன்டைன் ஆவியாகும், பிறகு எண்ணெய்-ரெசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகும். டயரிலிருந்து வரும் பிளாஸ்டிசைசர் அந்த ரெசினுக்குள் கலந்து, அதையும் டயரைப் போலவே மென்மையாக வைத்துக்கொள்கிறது. மாடியில் வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று தோன்றும். வெயில் கசிவைத்தான் வேகப்படுத்தும். ஹேர் டிரையரும் அப்படியே.

இதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட வேண்டியதுதான். மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால் சட்டென்று துடைத்து, உடனே லிக்விட் தண்ணீரில் கழுவுங்கள். டிரெட் பள்ளத்தில் மிச்சம் இருந்தால் டூத்பிரஷ். ஒரு நாள் ஆறப்போட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் மேல்தோலை லேசாக உரசுங்கள்.

திரும்ப அடிக்கும்போது தண்ணீரில் கரையும் அக்ரிலிக். வயெகோ மாடல் கலர் போன்ற பாட்டில்கள் ஆன்லைனில் வரவழைக்க வேண்டியவை. உடனே வேண்டுமென்றால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபெவிக்ரில் துணி அக்ரிலிக் போதும். துணியோடு மடங்கி நிமிர வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்பட்டிருப்பதால் படலம் வளைந்துகொடுக்கும். நிறமித் துகள் சற்றுப் பெரிது என்பதால், காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷில் அடைக்கலாம். நைலான் சாக்ஸ் துண்டில் வடிகட்டுங்கள், அல்லது ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். தாமியா எக்ஸ்எஃப் வரிசையும் அக்ரிலிக்தான், அதில் எக்ஸ்எஃப்-85 டயருக்கென்றே வந்த ரப்பர் கறுப்பு. நிறம் அருமை, ஆனால் படலம் வயெகோ அளவுக்கு வளையாது. மாட்டிவிட்டு அடிக்கும் டயருக்கு அது, அடித்துவிட்டு மாட்டும் டயருக்கு வயெகோ அல்லது ஃபெவிக்ரில்.

லாக்கர் ஸ்பிரே கேன்? சிலருக்கு நிற்கிறது. ஆனால் அதன் தின்னர் பிவிசிக்குள் இறங்கி, பிளாஸ்டிசைசருக்கு வழி திறந்துவிடுவதால் நம்பி அடிக்கும்படி இல்லை.

காய்ந்துவிட்டது, ஆனால் ரிம்மில் மாட்டும்போது வெடிக்கிறது அல்லது தோலாக உரிகிறது

வெடிப்பும் உரிதலும் வேறு வேறு. மெல்லிய கோடுகளாக வெடித்து, துணுக்குகள் டயரிலேயே ஒட்டியிருந்தால் பிடிமானம் சரி, படலம்தான் விறைப்பு. பெரிய தோலாக, அடியில் டயர் பளபளவென்று தெரியும்படி உரிந்தால் படலம் நல்லது, பிடிமானம் இல்லை. முதலாவதற்கு வளையும் பெயின்ட்டும் மெல்லிய கோட்டும். இரண்டாவதற்கு உரசல்.

பலரும் விட்டுவிடும் படி இந்த உரசல். அச்சிலிருந்து வந்த டயரின் தோல் வழவழப்பானது, பெயின்ட்டுக்குப் பிடித்து ஏற இடமில்லை. ஆனால் மெத்தென்ற பொருளை உரசினால் உப்புத்தாள் வெட்டாமல் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு டயரை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் விறைத்திருக்கும், சில நிமிடங்கள்தான். டிரெட் நடுவில் ஓடும் அச்சுக்கோட்டை 240 நம்பரால் எடுத்துவிட்டு, முழுப் பரப்பையும் 400-ல் ஓட்டுங்கள். இளகினால் மறுபடி உள்ளே. மேலே வியர்க்கும் ஈரத்தைத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு அடுத்த வேலை.

பிறகு டயரை எந்த அளவில் மாட்டப்போகிறீர்களோ அந்த அளவுக்கு விரித்துவைத்து அடிக்க வேண்டும். சுருங்கிய டயரில் அடித்துவிட்டு இழுத்து மாட்டினால் எந்தப் படலமும் தாங்காது. ரிம்மின் விட்டத்துக்குச் சமமான பேனா மூடி, பிவிசி குழாய்த் துண்டு, காகிதச் சுருள், எதுவானாலும் அதில் ஏற்றுங்கள். ரிம்மிலேயே மாட்டி, முகத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி அடிப்பது இன்னும் நல்லது. மாட்டக் கடினமாக இருந்தால் 60 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் அரை நிமிடம் போட்டெடுங்கள், தானாக வழிவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

பிரைமர் வேண்டுமா என்றால், அக்ரிலிக்-பாலியூரித்தேன் வகையானால் சரி, வயெகோவின் சர்ஃபேஸ் பிரைமர் அப்படிப்பட்டது. ஹார்டுவேர் கடை மெட்டல் பிரைமர் கூடவே கூடாது. முதல் கோட் மூட வேண்டும் என்று அடிக்காதீர்கள். டயர் பாதி தெரியும்படி தூவலாக ஒன்று, 20 நிமிடம் கழித்து இன்னொன்று, மூன்றாவதில் மூடினால் போதும். ஏர்பிரஷில் 0.3 மில்லிமீட்டர் ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பத்து சென்டிமீட்டர் தூரம். சித்திரை, வைகாசி வெயிலில் பெயின்ட் ஊசி நுனியிலேயே காய்ந்து தெறிக்கும். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கொரு முறை நுனியைத் துடைத்தால் ஓடும். பிரஷ்தான் இருக்கிறது என்றால் பிரஷை விட்டுவிட்டு ஒப்பனை ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி ஒற்றுங்கள். கோடு விழாது, படலம் மெலிதாக வரும், மேற்பரப்பும் ஓடித் தேய்ந்த டயரின் சொரசொரப்போடு அமையும்.

இரண்டு நாள் ஆறப்போட்டு, கண்ணுக்குப் படாத உள்பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கறுப்பு வந்தால் வெளியிலும் வரும். அந்த நிலையில் வார்னிஷ் அடித்து மூடினால் பெயின்ட்டும் வார்னிஷும் சேர்ந்து உரியும்.

மிதந்த டயர், அதாவது டிபிஇ அல்லது பாலிஎத்திலீன் என்றால் இந்த உரசலும் கழுவலும் மட்டும் போதாது. கார் பெயின்ட் கடையில் பம்பருக்கு அடிக்கும் பிபி பிரைமர் கேளுங்கள். பாலிபுரோப்பிலீன் பம்பருக்கான அந்தப் பிரைமர்தான் இந்த வகை மேற்பரப்பைப் பிடிக்கும். மிக மெல்லிய ஒரே கோட். அது முழுக்க இறுகுமுன், டப்பாவில் சொன்ன நேரத்துக்குள், மேல் பெயின்ட் போய்விட வேண்டும். பிரைமர் காய்ந்து வெகுநேரம் ஆனபின் அடித்தால் போட்டதற்குப் பலன் இல்லை.

நன்றாகத்தான் இருந்தது, மழைக்காலம் முடியுமுன் பொடிப்பொடியாகக் கொப்புளம்

இது கடலோரக் கோளாறு. திருச்சியில் இருப்பவரிடம் கேட்டால் விழிப்பார்.

கடைசி அலசலை போர் தண்ணீரில் முடித்திருப்பீர்கள். மாவட்டத்தின் கரையோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். டயரில் நின்ற சொட்டு காய்ந்ததும் உப்பு அங்கேயே தங்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுதான். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்திருப்பதால் அதற்குக் கீழேயே கசகசக்கத் தொடங்கும். வாலிநோக்கம் பக்கம் மூட்டையில் வாங்கிய கல்லுப்பு ஐப்பசியில் என்ன பாடுபடுகிறது என்று அடுப்படியில் கேட்டால் தெரியும். தண்ணீர் அக்ரிலிக் படலம் ஈரத்தை முழுக்கத் தடுப்பதில்லை. இரவில் ஈரம் உள்ளே போய் உப்பைக் கரைக்கும், அது வீங்கிப் படலத்தைத் தூக்கும், பகலில் காயும், மறு இரவு மறுபடி. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது நாள்தோறும் நடக்கும்.

கொப்புளத்தை ஊசியால் குத்தி அழுத்துவது வேலைக்காகாது. அந்த இடத்தை ஆல்கஹாலால் எடுத்து, டயரை ஆர்ஓ தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு பத்து நிமிடம். காவிரிக் குடிநீர்க் குழாய் வரும் வீடுகளில் முதல் அலசலுக்கு அது போதும், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். நான்கு டயருக்கு ஒரு டம்ளர் தாராளம். கழுவிய டயரைத் திறந்த ஜன்னலில் காயவைத்தால் காற்று மறுபடி உப்பைக் கொண்டுவந்து போடும். இதில் கடற்கரைக்கு முந்நூறு அடியில் இருக்கும் வீட்டுக்கும் கரையைவிட்டுத் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் டிஷ்யூவின்மேல் வைத்து, சிலிகா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு மூடிவிடுங்கள். கழுவிய நாளும் பெயின்ட் அடிக்கும் நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். மறுநாள் ஆனால் அடிக்குமுன் ஆர்ஓ தண்ணீரில் இன்னொரு முறை அலசிக் காயவையுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹால் துடைப்பை நம்பி இதை விட்டுவிட முடியாது.

கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை வேறு, ஈரமல்ல மணல். டிரெட்டில் நறநறவென்று துகள் ஒட்டியிருந்தால் அது பெயின்ட் கட்டியல்ல. அறையை மூடி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது

மூன்று வெள்ளை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு ஆர்ஓ தண்ணீர் வையுங்கள். கரைந்து மறைந்து, காய்ந்தபின் சொட்டின் ஓரத்தில் வளையமாகத் திரும்பினால் உப்பு. மேலே சொன்னபடி அலசுங்கள்.

தண்ணீருக்கு அசையாமல், பெயின்ட் அடிக்காத இடத்தில் மெழுகுபோல் இருந்து, ஆல்கஹால் துணிக்குப் போய்விட்டால் டயருக்குள் கலந்திருந்த மெழுகோ மசகுப் பொருளோ வெளியே வந்திருக்கிறது. துடைக்கலாம், சில மாதத்தில் மறுபடி வரும். இப்படிப் பூக்கும் பழைய கிட் டயரில் பெயின்ட் அடிப்பது வீண்முயற்சி.

இரண்டுக்கும் அசையாமல் படலத்துக்குள்ளேயே பால் கலந்த மாதிரி இருந்தால் அது ஈரம் பிடித்த லாக்கர் அல்லது பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. லாக்கரானால் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மிக லேசாகத் தூவினால் படலம் திரும்ப இளகித் தெளியும். மேட் வார்னிஷ் வெளுத்தால் சாட்டின் வார்னிஷ் ஒரு மெல்லிய கோட் பெரும்பாலும் காப்பாற்றும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 75-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு வார்னிஷ் வேண்டாம். காலை பத்துக்கு மேல், கடற்காற்று ஏறுமுன் உள்ள நேரம் வசதி.

பக்கவாட்டு எழுத்து பரவுகிறது, பழுப்பேறுகிறது

தூக்கலான எழுத்துக்கு எண்ணெய் வகை பெயின்ட் பேனா பயன்படுத்தினால் எனாமல் கதைதான். தண்ணீர் வகை அக்ரிலிக் மார்க்கர், போஸ்கா மாதிரி, எடுங்கள். நுனியை எழுத்தின் முகட்டில் படுக்கையாக வைத்து உருட்டினால் பள்ளத்தில் இறங்காது. நேரடியாக வெள்ளை போடாமல் முதலில் வெளிர்சாம்பல், பிறகு வெள்ளை. மூடும் திறனும் கூடும், அடியிலிருந்து கறை ஏறுவதும் தாமதப்படும். தூய வெள்ளையைவிட ஒரு சொட்டு மஞ்சள்பழுப்பு கலந்தது கண்ணுக்கு நிஜமாகத் தெரியும், பின்னால் கொஞ்சம் பழுப்பேறினாலும் காட்டிக்கொடுக்காது.

டீக்கல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டுவதானால் உரசிய மேட் பரப்பில் காற்று சிக்கி வெள்ளி மினுக்கம் வரும். அந்த இடத்தில் மட்டும் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ், காய்ந்ததும் டீக்கல், கடைசியில் மேட் வார்னிஷ்.

எல்லாம் நின்றது, ஆனால் டயர் பொம்மை மாதிரி இருக்கிறது

கறுப்பு அதிகம். நிஜ டயர் கரும்சாம்பல். நான்கு சொட்டுக் கறுப்புக்கு ஒரு சொட்டு வெள்ளை, குச்சி நுனியில் தொட்ட அளவு பழுப்பு. நிஜத்தில் 24-ல் ஒரு பங்கான 1/24 அளவுக்கு இது சரி, 1/72-க்கு இன்னும் ஒரு சொட்டு வெள்ளை தாங்கும்.

உண்மையைச் சொன்னால் பிவிசி டயர் பலவற்றுக்குப் பெயின்ட்டே தேவையில்லை. 400 நம்பரால் டிரெட்டை உரசினால் பளபளப்பு போய், ஓடிய டயரின் சாம்பல் தானே வந்துவிடும். மேலே பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்தெடுத்த பொடியைப் பழைய பிரஷால் அழுத்தித் தேயுங்கள். படலம் இல்லை, ஆகவே உரிவதும் இல்லை. தனுஷ்கோடி, அரிச்சல்முனைக்கு ஓடும் வேன் என்றால் வெளிர் மணல் நிறம், டிரெட் பள்ளத்தில் மட்டும். முதுகுளத்தூர், கமுதி பக்கத்து டிராக்டர் என்றால் கரிசல் மண், காய்ந்த சாம்பல்கறுப்பு, பக்கவாட்டில் பாதிவரை அப்பலாம். பக்கவாட்டு நிறமே மாற வேண்டும், அச்சுக்கோட்டை நிரப்பிய இடம் தெரிகிறது, ரிப்பேர் பார்த்த பழைய டயர், இந்த மூன்றுக்கு மட்டும் பெயின்ட் பாட்டிலைத் திறந்தால் மேலே உள்ள தொல்லைகளில் முக்கால்வாசி வரவே வராது.

டயர் தொட்ட இடத்தில் ரிம் உருகுகிறது

பெயின்ட் கோளாறாகத் தெரியும், இல்லை. பிளாஸ்டிசைசர் பாலிஸ்டைரீனுக்குள் போய் அதை இளக்குகிறது. டயரைக் கழற்றினால் ரிம் ஓரம் மெழுகு மாதிரி வழிந்திருக்கும். தகரக் கூரை அறையில், கிட் பெட்டிக்குள் டயரும் ஸ்புரூவும் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒன்றாகக் கிடந்தால் திறக்காத பெட்டியிலேயே நடக்கும். கிட் வாங்கியதும் டயர்களைத் தனி ஜிப் கவரில் போட்டுவிடுங்கள்.

ரிம்மில் டயர் உட்காரும் பள்ளம் முழுக்க மெல்லிய அலுமினிய ஃபாயில் டேப் சுற்றி, அதன்மேல் டயரை மாட்டுங்கள். பெயின்ட் கோட் தாமதப்படுத்தும், தடுக்காது, உலோகம்தான் தடுக்கும். முடிந்த மாடலைக் கண்ணாடி அலமாரியில் வைத்தாலும் டயரின் அடியில் கறை விழும். அங்கேயும் ஒரு துண்டு ஃபாயில்.

விசைப்படகு மாடலில் தொங்கும் டயர்

இராமேஸ்வரம், மண்டபம் துறையில் நிற்கும் விசைப்படகு செய்பவர்கள், பக்கவாட்டில் முட்டுக்குத் தொங்கவிடும் பழைய டயருக்குக் கிட்டில் மிச்சமான டயரை எடுப்பது வழக்கம். அளவு முதலில்: 10.00-20 லாரி டயரின் விட்டம் ஏறத்தாழ 1,050 மில்லிமீட்டர். 1/35-க்கு 30 மில்லிமீட்டர், 1/24-க்கு 44. இங்கே வளைவு, மாட்டல் எதுவும் இல்லாததால் பிடிமானம் சுலபம், உரசி இரண்டு கோட் அக்ரிலிக் போதும். வெயிலும் உப்பும் தின்ற டயர் என்பதால் அடிப்படைச் சாம்பலை இன்னும் இரண்டு சொட்டு வெளுக்க வையுங்கள். கயிறு உரசும் மேல்வளைவில் கறுப்பாகவே விட்டு, நீர்மட்டத்தைத் தொடும் கீழ்ப்பகுதியில் பாசிப்பச்சையும் வெள்ளைத் திட்டும்.

தொல்லை படகில்தான். பிவிசி டயர் மாதக்கணக்கில் படகின் பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் படகின் எனாமல் பிசுபிசுத்து டயரோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பச்சையோ நீலமோ டயரோடு வந்துவிடும். டயரின் பின்முகத்தில், வெளியே தெரியாதபடி, ஃபாயில் டேப்பை வளையமாக வெட்டி ஒட்டுங்கள். அல்லது டயரைச் சுற்றிப் போடும் கயிற்றின் முடிச்சைப் பின்பக்கமாகத் திருப்பி, முடிச்சு மட்டும் படகைத் தொட, டயர் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொங்கும்படி கட்டுங்கள். கயிற்றுக்குப் பருத்தி நூல் எடுங்கள். கட்டுமுன் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து, நுனியில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் நூல் விறைத்து நேராக நிற்கும்.